ஓடையில் பிறந்த வெளிச்சம்

சப்ரகமுவ தோட்டப் பகுதிக்கு ஒரு பயணம்

கிளிநொச்சியிலிருந்து இரவு எட்டு மணிக்குப் புறப்பட்ட எங்கள் வாகனம் விடியும் வேளையில் குருநாகலைத் தாண்டிக் கேகாலையை நெருங்கிக்கொண்டிருந்தது. கண் விழித்துப் பார்த்தபோது யன்னலுக்கு வெளியே எல்லாமே பச்சை. இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே மலை, மலைக்கு மேலே புகைபோல மழை.

எங்கள் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த 11 பேர் வந்திருந்தோம். தையல் செய்பவர், மா அரைக்கும் மில் வைத்திருப்பவர், பனை ஓலை வேலை செய்பவர் எனச் சிறு தொழில் செய்யும் பெண்கள். கணவரை இழந்தவர்களும் கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுமே எங்களில் அதிகம். வேறு மாவட்டங்களில் சிறு தொழில்கள் எப்படி வளர்ந்தன என்று நேரில் பார்த்து வருவதற்காக இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்திருந்தோம்.

எங்களுள் ஒரு அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களுக்குக் கொயில் சுற்றுபவர். கணவரின் பட்டறையில் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிய வேலை. 2009 இல் கணவரை இழந்த பிறகு அதுவே அவருடைய பிழைப்பானது. அவருடைய அம்மா இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆவணியில் நடந்த வன்செயலின்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர்களில் ஒருவர். அன்றும், பின்னர் 1983 இலும் சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து இப்படி வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நிறைய உண்டு. வாசிக்கும் உங்களில் சிலருக்கும் இது சொந்தக் கதையாக இருக்கலாம்.

"அம்மா பிறந்த இடத்தை ஒருக்காப் பார்க்க வேணும்" என்பதுதான் அக்கா பயணத்துக்கு வரச் சொன்ன காரணம். தொழில் பற்றிய பேச்சில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

தொழிற்சாலைக்கு வெளிச்சம், லயத்துக்கு இருட்டு

கேகாலையிலிருந்து புலத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனல்லைக்கு இறங்கி, அங்கிருந்து யட்டியாந்தோட்டைப் பக்கம் திரும்பினோம். ஒரு பக்கம் களனி கங்கை, மறுபக்கம் தோட்டங்கள். மலையின் கீழ்ப்பகுதியில் இறப்பர், மேலே ஏற ஏறத் தேயிலை. ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஓடை பாறைகளுக்கிடையே விழுந்து வீதிக்குக் கீழே ஓடியது. எங்கள் கிளிநொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை பெய்தால் நல்ல வருடம் என்கிறோம். இரத்தினபுரியில் 3500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. எங்கள் குளத்துக்கு ஒரு மாரியில் வருகிற தண்ணீர் இங்கே தினமும் சும்மா ஓடுகிறதே என்று மில் வைத்திருக்கும் தங்கச்சி பெருமூச்சு விட்டார்.

அந்தத் தண்ணீர் எப்போதும் சும்மா ஓடவில்லை. வெள்ளைக்காரர் தோட்டம் வைத்திருந்த காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் சிறு நீர்மின் நிலையங்கள் ஏறத்தாழ 500 இருந்தன. ஓடையை மறித்துக் குழாய் வழியாகக் கீழே இறக்கி, அந்த விசையில் தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளை ஓட்டினார்கள். நாட்டின் பொது மின்சாரம் தோட்டங்களுக்கு வந்த பிறகு அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன.

நாங்கள் இறங்கிய தோட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்திருந்தார். பழைய காலத்து மின்சாரத்தைப் பற்றிக் கேட்டோம்.

"ஸ்டோருக்கு லைட் இருந்திச்சி, தொரை பங்களாவுக்கு லைட் இருந்திச்சி. நாங்க குப்பி லாம்புதாம்மா. எம்மக ஸ்டோரு செவுத்துப் பக்கம் போயி ஒக்காந்துதான் படிப்பா. வாச்சர் வந்து வெரட்டுவாரு" என்றார். ஸ்டோர் என்று அவர் சொன்னது தேயிலைத் தொழிற்சாலையை.

மின்சாரம் பிறந்த இடத்திலிருந்து லயம் 200 மீற்றர் தூரம்கூட இல்லை. ஆனாலும் அந்த வெளிச்சம் லயத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் எடுத்தன. ஓடையும் இயந்திரமும் லயத்துக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் மிச்சப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. சொந்த நிலமோ சொந்த முகவரியோ இல்லாதவர் சங்கம் அமைத்து வங்கியில் கடன் கேட்க முடியாது. தொழில்நுட்பம் பக்கத்திலேயே இருந்தாலும், அது யாருடைய கையில் இருக்கிறது என்பதே கணக்கு.

மோட்டர் கொயில் அக்கா இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். அவருடைய அம்மாவும் குப்பி விளக்கைப் பற்றிச் சொல்லுவாராம்.

"இது எங்கட தண்ணி மோட்டர்தானே!"

மறுநாள் காலை, தோட்டத்து எல்லையைத் தாண்டி மேலே இருந்த ஒரு சிங்களக் கிராமத்துக்குப் போனோம். போவதற்கு முன் எங்களில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. லயத்திலிருந்து இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளை எங்களோடு வந்தார். கிராமத்து மின்சார சங்கத்தின் பொருளாளராக இருந்த பெண் எங்களுக்குப் பிளேன்ரீயும் கித்துள் கருப்பட்டியும் தந்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கும் பழக்கம் இருவருக்கும் பொது என்று கண்டதும் தயக்கம் பாதி குறைந்தது.

அவருடைய கதை இது. அந்தக் கிராமத்துக்குப் பொது மின்சாரம் வரும் என்று பல தேர்தல்களில் சொல்லியும் வரவில்லை. வீடுகளில் குப்பி விளக்குத்தான். தொலைக்காட்சி பார்க்க விரும்பியவர்கள் கார் பற்றரியைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்ச் சார்ஜ் செய்து வருவார்கள். பிறகு, ஓடையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர்கள் வந்து சொன்னார்கள். உயரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி அளந்தார்கள். ஓடும் தண்ணீரின் அளவை ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக் கணக்கிட்டார்கள்.

கணக்கு கடினமானதல்ல. விநாடிக்கு 10 லீற்றர் தண்ணீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் அதில் ஏறத்தாழ 10 கிலோவாற் வலு இருக்கிறது. குழாயிலும் இயந்திரத்திலும் இழப்புப் போக, பாதியாவது கையில் கிடைக்கும். ஐந்து கிலோவாற் என்றால் வீட்டுக்கு 200 வாற் வீதம் 25 வீடுகளுக்குப் பகிரலாம். நாலு பல்ப், ஒரு தொலைக்காட்சி, ஒரு வானொலிக்கு அது போதும். அயன் போட முடியாது. ஒருவர் ஆசைப்பட்டு அயன் போட்டால் ஊர் முழுவதும் விளக்கு மங்கும். "யார் வீட்டில் அயன் என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்" என்று அந்தப் பெண் சிரித்தார்.

பிறகு எங்களை மின்நிலையத்துக்கு அழைத்துப் போனார். நிலையம் என்று பெயர்தான், உண்மையில் ஒரு சிறு கொட்டில். உள்ளே, நீர் பீய்ச்சி அடிக்கும்போது சுழலும் பெல்ற்றன் டேர்பைன். அதன் கிண்ணங்கள் கரண்டிகளை வட்டமாக அடுக்கியதுபோல் இருந்தன. அதனோடு பட்டியால் இணைத்திருந்த ஜெனரேற்றரைக் கண்டதும் மோட்டர் கொயில் அக்கா குனிந்து பார்த்தார். பெயர்த் தகட்டைத் துடைத்து வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "இது எங்கட தண்ணி மோட்டர்தானே!" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. இந்தச் சிறு நிலையங்களில் விலை கூடிய ஜெனரேற்றர் பாவிப்பதில்லை. கடையில் வாங்கும் சாதாரண மும்முனை இன்டக்ஷன் மோட்டரை மறுபக்கமாக வேலை வாங்குகிறார்கள். மின்சாரம் கொடுத்தால் மோட்டர் சுற்றும் என்பது எங்களுக்குத் தெரியும். அதே மோட்டரைத் தண்ணீரால் அதன் வழக்கமான வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றி, தகுந்த கொன்டென்சர்களை இணைத்துவிட்டால் அது மின்சாரம் தரும். வீடுகளில் விளக்கை அணைத்ததும் மிஞ்சும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி தண்ணீரில் அமிழ்த்திய சூடாக்கிக்கு அனுப்பிவிடும். அதனால் மற்ற வீடுகளின் பல்ப் எரிந்து போகாது.

"கொயில் எரிஞ்சால் ஆர் சுத்துறது?" என்று அக்கா கேட்டார். கீழே பட்டணத்தில் ஒரு பட்டறை இருந்தது, அவர்களே எல்லா ஊர்களுக்கும் செய்து கொடுத்தார்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டபின்தான் அக்காவுக்கு இந்தப் பயணத்தில் அக்கறை பிறந்தது.

பட்டறைகள் எப்படி வளர்ந்தன?

ஓர் ஓடையில் ஒரு இயந்திரத்தைப் பொருத்துவது பெரிய காரியமல்ல. அது உடையும் நாளில் திருத்த ஆள் இருப்பதுதான் பெரிய காரியம். சப்ரகமுவையில் அந்த ஆட்கள் எப்படி உருவானார்கள் என்று விசாரித்தோம்.

'சிறியதே அழகு' என்ற கருத்தைப் பரப்பிய பொருளியலாளர் ஷூமாக்கர் 1966 இல் இங்கிலாந்தில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு, தோட்டங்களில் கைவிடப்பட்ட பழைய நீர்மின் நிலையங்களைத் திருத்தும் வேலையில் முதலில் இறங்கியது. இந்த நிறுவனம் 2005 இலிருந்து பிராக்டிகல் அக்ஷன் என்ற பெயரில் இயங்குகிறது. தோட்ட இயந்திரங்களில் பழகிய அறிவை அது பின்னர் கிராமங்களுக்குக் கொண்டு போனது. வெளிநாட்டிலிருந்து டேர்பைன் இறக்கினால் விலையும் கட்டாது, உதிரிப்பாகமும் கிடைக்காது. ஆகவே சிறு இரும்புப் பட்டறைக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். டேர்பைன் கிண்ணங்களை வார்க்கவும் கடையவும், கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தவும் அவர்கள் பழகினார்கள்.

பயிற்சியோடு நின்றிருந்தால் அந்தப் பட்டறைகள் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழையபடி கேற் அடிக்கப் போயிருக்கும். 1997 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனோடும் உலகச் சுற்றாடல் வசதி நிதியத்தின் மானியத்தோடும் ஒரு சக்திச் சேவைத் திட்டம் நடந்தது. கிராமத்தவர் மின்சாரப் பாவனையாளர் சங்கமாகப் பதிந்து, உள்ளூர் வங்கியில் கடன் எடுத்து, பட்டறைக்கு ஓடர் கொடுத்தார்கள். கால்வாய் வெட்டும் வேலையைச் சிரமதானமாகத் தாங்களே செய்தார்கள். அந்த ஐந்தாண்டுகளில் 35 கிராம நிலையங்கள் எழுந்து 1732 வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தன. அதே திட்டத்தில் 20,953 வீடுகள் சூரிய மின்தகடு பெற்றன. 2002 இல் தொடங்கிய அடுத்த திட்டத்தோடு கிராம நீர்மின் நிலையங்கள் நாட்டில் 200 க்கும் மேலாகப் பெருகின. அவற்றில் பெரும் பங்கு இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில்தான்.

ஒரு பட்டறைக்கு ஒரு ஓடர் வந்தால் அது தற்செயல். வருடத்துக்கு ஐந்து ஓடர் வந்தால் அது தொழில். முதல் டேர்பைனில் விட்ட பிழையை இரண்டாவதில் திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது. உதவியாள் வைக்கலாம். கடைசல் இயந்திரம் வாங்கலாம்.

இதே மலையில் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த கதையும் உண்டு. விதுல்லங்கா என்ற நிறுவனம் தன் முதல் மின்நிலையத்தை 2001 இல் இரத்தினபுரி மாவட்டத்தின் பம்பரபொட்டு ஓயாவில் ஆரம்பித்தது. அளவு 3.2 மெகாவாற். தனியார் சிறு நீர்மின்சாரத்தை வாங்க மின்சார சபை பொதுவான ஒப்பந்த முறை ஒன்றை வகுத்திருந்ததும் நீண்டகாலக் கடன் கிடைத்ததும் அப்போது புதிய முயற்சியாளர்களுக்குத் துணையாக இருந்தன. அந்த நிறுவனம் 2017 இல் ஆபிரிக்காவின் உகண்டாவில் முவும்பே என்ற இடத்தில் 6.5 மெகாவாற் நிலையத்தை இயக்கியது. இரத்தினபுரி ஓடையில் கற்ற பாடம் கடல் கடந்து போயிருக்கிறது.

மின்கம்பி வந்த பிறகு

இனி இந்தக் கதையின் மறுபக்கம். நாங்கள் பார்த்த டேர்பைன் இப்போது ஓடுவதில்லை. 2010 க்குப் பிறகு பொது மின்சாரம் மலைக் கிராமங்களுக்கும் வேகமாக வந்தது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் இணைப்புக் கிடைத்தது. அயன் போடலாம், குளிர்சாதனப் பெட்டி வைக்கலாம் என்றால் யார்தான் 200 வாற்றோடு நிற்பார்கள்? சங்கத்தில் ஒவ்வொருவராக விலகினார்கள். சந்தா குறைந்தது. குழாயில் அடைத்த இலைகுழையை எடுக்க ஆள் வரவில்லை. நாட்டின் பெரும்பாலான கிராம நிலையங்களுக்கு இதுவே நடந்தது. சில சங்கங்கள் மட்டும் தங்கள் மின்சாரத்தைப் பொது வலையமைப்புக்கு விற்க அனுமதி பெற்றுத் தப்பின.

"2022 மார்ச்சில் 13 மணிநேரம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயும் இல்லை. அப்போதுதான் இதைத் துருப்பிடிக்க விட்டோமே என்று எல்லோரும் சொன்னார்கள்" என்றார் பொருளாளர் பெண். அவர் கொட்டிலின் திறப்பை இன்னமும் தன் வீட்டு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.

கிராமங்களுக்கு டேர்பைன் செய்த பட்டறைகளும் சந்தையை இழந்தன. அவற்றில் ஒன்றைக் கீழே பட்டணத்தில் போய்ப் பார்த்தோம். இப்போது அங்கே தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைத் திருத்துகிறார்கள், மோட்டர் சுற்றுகிறார்கள். டேர்பைன் வேலை இல்லாவிட்டாலும் கைப்பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை. அக்கா அங்கே இரண்டு மணிநேரம் நின்றார். செம்புக் கம்பியின் விலை, எந்தக் கடையில் தவணைக்குத் தருவார்கள், எரிந்த கொயிலைச் சுலபமாகக் கழற்றுவது எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் பேசிய தமிழும் பட்டறைக்காரர் பேசிய சிங்களமும் ஒன்றுக்கொன்று புரியாவிட்டாலும் மோட்டரைத் திறந்து வைத்த பிறகு மொழிபெயர்ப்புக்கு அதிக வேலை இருக்கவில்லை.

அடைகாக்க ஒருவர் வேண்டும்

அன்று இரவு தங்கிய இடத்தில் எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. "நாங்களும் யோசிக்கத் தெரியாத சனமே?" என்று ஒருவர் கேட்டார். இல்லவே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து விளக்கு எரித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மலையில் குப்பி விளக்கோடு இருந்தவர்களின் தேவையும் எங்கள் தேவையும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் அறிவும் இருந்தது.

தெற்கில் அந்த விளக்கையே ஒருவர் தொழில்நுட்பமாக்கினார். குப்பி விளக்கு சரிந்து தீக்காயப்பட்டு வருவோரைப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். அதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மலிவான அந்த விளக்கு ஏராளமான வீடுகளுக்குப் போனது. எங்கள் ஜாம் போத்தல் விளக்கோ தடை நீங்கியதும் மறைந்தது. அதை எடுத்து வளர்த்துவிட அந்த நாட்களில் எங்களிடம் யாரும் இருக்கவில்லை.

புதிய தொழில்களை வளர்த்துவிடும் நிலையங்களை இப்போது இன்கியூபேற்றர் என்கிறார்கள். அடைகாக்கும் பெட்டி என்பது பொருள். இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. அமெரிக்காவின் பட்டாவியா என்ற சிறு நகரில் பெரிய தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டுப் பலர் வேலை இழந்தார்கள். ஜோசப் மன்குசோ என்பவர் 1959 இல் அந்தக் கட்டடத்தைப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்குக் கொடுத்து, கணக்கு எழுதவும் கடன் பெறவும் உதவினார். வாடகைக்கு வந்தவர்களுள் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனமும் ஒன்று. அதைப் பார்த்தே தன் கட்டடத்துக்கு அவர் வேடிக்கையாக இந்தப் பெயரை வைத்தார்.

கோழியைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. முட்டை மட்டும் இருந்தால் குஞ்சு வராது. பேடு 21 நாள் விடாமல் இருக்க வேண்டும். இடையில் எழுந்து போனால் அது கூழ்முட்டை. போருக்குப் பின் எங்களில் பலருக்கு வாழ்வாதார உதவி கிடைத்தது. தையல் இயந்திரம், கோழிக் கூடு, அரைக்கும் இயந்திரம். கொடுத்த அன்று படம் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஊசி உடைந்தபோது, தீன் விலை ஏறியபோது, தைத்த உடுப்பை வாங்க ஆளில்லாதபோது யாரும் வரவில்லை. ஒரு கிராமத்தில் முப்பது பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? பிறகு நுண்கடன் வந்தது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுக்கும் அளவுக்கு அந்த நிலை முற்றியது.

தமிழ்நாட்டில் சென்னை ஐ.ஐ.ரி. வளாகத்தில் கிராமத் தொழில்நுட்பத் தொழில்களுக்கென ஒரு அடைகாப்பு நிலையம் 2006 இல் தொடங்கியது. அதன் துணையோடு வளர்ந்த தேசிக்ரூ என்ற நிறுவனம் திருவாரூர் மாவட்டத்தின் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் கணினி வேலை நிலையங்களைத் திறந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போக முடியாத பெண்கள். எங்கள் பக்கத்தில் யாழ் ஐ.ரி. ஹப் 2012 முதல் இளைஞர்களுக்குப் போட்டிகளும் பயிற்சியும் நடத்தி வருகிறது. கணினி படித்த உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் இன்கியூபேற்றர் கணினிக்கு மட்டும் உரியதல்ல. மோட்டர் கொயில் சுற்றும் அக்காவுக்கும் அது வேண்டும்.

இறக்குவானையில்

மூன்றாம் நாள் அவிசாவளை வந்து, எஹெலியகொடை, குருவிட்ட வழியாக இரத்தினபுரி போய், அங்கிருந்து இறக்குவானைக்குப் போனோம். அக்காவின் அம்மா இருந்த லயத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய லயங்களில் சில இடிந்துவிட்டன, சில இடங்களில் தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. "எழுபத்தேழுல போன சனம்" என்றதும் ஒரு தாத்தா தலையை ஆட்டினார். பெயரைச் சொன்னபோது அவருக்கு நினைவு வரவில்லை. "நெறையப் பேரு போனாங்கம்மா" என்றார். அங்கிருந்த வீடுகளிலெல்லாம் மின்விளக்கு எரிந்தது. அக்கா கோயிலடியில் கொஞ்ச மண் எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் நாங்கள் கற்றதைச் சில கேள்விகளாக எழுதிக்கொண்டோம். யாராவது தொழில் உதவி தர வந்தால் நீங்களும் இவற்றைக் கேட்கலாம்.

1. இந்தப் பொருளை யார் வாங்குவார்? முதல் ஓடர் மட்டுமா, அடுத்த ஓடரும் வருமா?

2. இயந்திரம் பழுதானால் எங்கள் ஊரிலேயே திருத்த முடியுமா? உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

3. நீங்கள் எத்தனை மாதம் எங்களோடு நிற்பீர்கள்? கணக்குப் பார்க்க யார் வருவார்?

4. கடன் முடியும் வரை இந்தச் சந்தை இருக்குமா? மின்கம்பி வந்தது போல வேறொன்று வந்தால் என்ன செய்வோம்?

5. இயந்திரம், இடம், பதிவு ஆகியவை யாருடைய பெயரில்?

உங்கள் பிரதேச செயலகத்தில் விதாதா வள நிலையம் இயங்குகிறதா, கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் மாவட்ட அலுவலகத்தில் என்ன பயிற்சி உண்டு என்றும் விசாரியுங்கள். கேட்பது எங்கள் உரிமை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மூன்று பேராகச் சேர்ந்து போங்கள்.

பயணத்துக்கு முன் ஒரு அமைப்பு மோட்டர் கொயில் அக்காவுக்குப் புதிய இயந்திரம் ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தது. அவர் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார். ஊர் வந்து சேர்ந்த மறுவாரம் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். இயந்திரத்துக்குப் பதிலாக மூன்று உதவிகள் கேட்டார். கேகாலைப் பக்கப் பட்டறையில் இரண்டு மாதம் நின்று மும்முனை மோட்டர் வேலை பழக வசதி. செம்புக் கம்பியைத் தவணைக்குத் தரும் ஒரு கடையின் அறிமுகம். ஒரு வருடத்துக்கு மாதம் ஒருமுறை வந்து கணக்குப் பார்க்கும் ஒருவர்.

இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் திரும்பவும் எழுதுவோம். அதுவரை அக்கா தன் கொட்டிலில் கமக்காரரின் மோட்டர்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். போன கிழமை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி அருகில் இருந்து கம்பியை எண்ணிக்கொண்டிருந்தாள்.